பீரியட் திருடியவருக்குப் பொன்விழா

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற சாலையில், இரண்டு தொழிற்சாலை மதில்களுக்கு நடுவே ஒரு சந்து பிரிகிறது. பிரிகிற இடத்தில் பெயர்ப்பலகை கிடையாது. இருந்த பலகையை ஒரு கன்டெய்னர் லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. சந்தின் முடிவில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. அதன் பெயரைச் சொல்வதற்கில்லை. சொன்னால் சுற்றுவட்டாரப் பள்ளிகளெல்லாம், "இதே அநியாயம் எங்களிடமும்தான் நடக்கிறது, எங்களை மட்டும் ஏன் விட்டீர்கள்?" என்று வருத்தப்படும்.

அந்தப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் யாக்கோபு. வயது நாற்பத்தெட்டு, மண்ணூர்ப் பக்கத்துக்காரர். சின்ன வயதில் அவர் ஓடிப் பழகிய நிலத்தில் இப்போது விற்பனைக்குப் போகவிருக்கும் புதுக் கார்கள் வரிசை கட்டி நிற்கின்றன. உடற்கல்வி படித்துவிட்டு வேலை கிடைக்காத இரண்டு வருடம் ஒரு கம்பெனியின் வெல்டிங் லைனில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தார். ஒரே இடத்தில் எட்டு மணி நேரம் நிற்பதைவிடக் கடினமான உடற்பயிற்சியை எந்தப் பாடப்புத்தகத்திலும் தாம் பார்த்ததில்லை என்பார். அப்புறம் அரசு வேலை வந்தது. வேலையோடு ஒரு விசிலும், வாரத்துக்கு ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டு பி.டி. பீரியடும் வந்தன.

விசில் அவரிடமே இருந்தது. பீரியட் இல்லை.

பி.டி. பீரியட் என்பது கால அட்டவணையில் மட்டும் வாழும் ஒரு ஜீவன் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அது வெளியே தலைகாட்டினால் கணக்கு வாத்தியார் பிடித்துக்கொண்டு போய்விடுவார். இந்தப் பள்ளியில் அப்படிப் பிடித்துக்கொண்டு போனவர் கோதண்டராமன். பதினோரு வருடங்களாக, வாரம் தவறாமல், கையில் சாக்பீஸோடு விளையாட்டுச் சாமான் அறையின் வாசலில் வந்து நிற்பார்.

"இன்னா பி.டி., ஒம்பதாங் க்ளாஸ் இன்னிக்கு எனக்கு. ஒரே ஒரு தேற்றம், முடிச்சிட்டு அனுப்பிடறேன்."

யாக்கோபுவின் பெயர் அவருக்குத் தெரியாமல் இல்லை. சொல்லத் தேவைப்பட்டதில்லை. அந்த ஒரே ஒரு தேற்றமும் பதினோரு வருடங்களில் முடிந்ததில்லை.

கோதண்டராமன் கெட்டவர் என்றால் கதை சுலபமாக இருந்திருக்கும். அவர் நல்லவர். அதைவிட மோசம், நூறு சதவீதத் தேர்ச்சி காட்டுகிறவர். கெட்டவரைப் பழிவாங்க யாராலும் முடியும். பத்தாம் வகுப்புக் கணக்கில் ஒருவரைக்கூடத் தவறவிடாதவரைப் பழிவாங்குவதற்குத் தனித் திறமை வேண்டும். ஆகவே யாக்கோபு பதினோரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு, மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். கோட்டுக்குள் ஓட ஆள் இல்லை.

பல் தாங்காத நாள் போன வருடம் வந்தது.

வாலாஜாபாத்தில் குறுவட்டப் போட்டி. பெண்கள் கோ-கோ. எட்டாம் வகுப்பு காவேரிதான் அணித் தலைவி. அவளுடைய அம்மா ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவர், அப்பா இல்லை. கம்பத்தைப் பிடித்துச் சுழன்று பாய்வதில் அவளுக்கு நிகராக அந்த வட்டாரத்தில் யாரும் இல்லை. ஆனால் கோ-கோ ஒருத்தி விளையாடுவதல்ல. மற்ற பதினோரு பேரும் அந்த வருடம் சேர்ந்து பயிற்சி எடுத்தது மொத்தம் நாலே நாள். ஒரே ஒரு புள்ளியில் தோற்றார்கள்.

திரும்பி வந்து சாலையோர நிறுத்தத்தில் இறங்கினால், அங்கே கோதண்டராமன் வீட்டுக்குப் போகப் பேருந்துக்கு நின்றுகொண்டிருந்தார். அழுது வீங்கிய முகங்களைப் பார்த்தார். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமென்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"வுடுங்கம்மா. ஓடக் கத்துக்கினது வீண் போவாது. நாளைக்கு கம்பெனி பஸ்ஸைத் தொரத்திப் புடிக்க ஒதவும்."

நிறுத்தத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். காவேரி சிரிக்கவில்லை, அழுகையையும் நிறுத்திவிட்டாள். அது யாக்கோபுக்குப் பிடிக்கவில்லை. அழுதிருந்தால்கூட மன்னித்திருப்பார்.

சபதம் செய்கிறவர்கள் தலைமுடியை அவிழ்த்துவிடுவது மரபு. யாக்கோபுக்கு அந்த வசதி இல்லை, வழுக்கை. ஆகவே வீட்டுக்குப் போய் விசிலைக் கழற்றி டி.வி. மேல் வைத்துவிட்டு, மனைவி மெர்சியிடம் வாய்மொழியாகச் சபதம் செய்தார். அந்த ஆளை மைதானத்தில் வெயிலில் நிற்கவைத்து, ஊர் பார்க்க, விசில் ஊதவைக்காமல் விடப்போவதில்லை என்று.

மெர்சி ஒரு செல்போன் உதிரிபாகக் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் பதினாறு வருடமாக வேலை செய்கிறவர். அன்றைக்கு நைட் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"எச்சம்மாகிட்ட எழுதிக் குடுக்கப் போறீங்களா?" என்றார் மெர்சி, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியபடி. எச்சம்மா என்பது எச்.எம். அம்மா, அதாவது தலைமை ஆசிரியை.

"ஆமா. அப்புறம் இன்னா பண்றது?"

"எழுதிக் குடுத்தா உங்களத்தான் பொறாமக்காரன்னுவாங்க. எங்க லைன்ல ஒருத்தன் தப்பு பண்ணினு இருந்தான்னு வைங்க, நாங்க கம்ப்ளெயின்ட்டே குடுக்க மாட்டோம். ஆடிட் வர்ற அன்னிக்கு அவன் எங்க நிக்கிறானோ அங்கயே நிம்மதியா நிக்க வுட்ருவோம். அவ்ளோதான்."

யாக்கோபு மனைவியைப் பார்த்தார். இருபது வருடமாக இவ்வளவு பெரிய அரசியல் அறிஞரோடு குடித்தனம் நடத்துகிறோம் என்பது அவருக்கு அதுவரை தெரியாது.

"சோறு ஹாட்பாக்ஸ்ல கீது," என்று சொல்லிவிட்டு அறிஞர் கம்பெனி பஸ் ஏறப் போனார்.

ஆடிட்டுக்காக யாக்கோபு எட்டு மாதம் காத்திருந்தார். இந்த ஜூனில் பள்ளி திறந்ததும் அதிர்ஷ்டம் கதவைத் தட்டியது. பள்ளிக்கு ஐம்பது வயது. பொன்விழா ஆண்டு.

தலைமை ஆசிரியை சரோஜா விழா என்றால் சோறு தண்ணீர் வேண்டாதவர். ஜூலையில் ஒரு கம்பெனி கொடுத்த பெஞ்சுகளுக்குத் திறப்பு விழா. திறப்பதற்குப் பெஞ்சில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை, ரிப்பன் கட்டி வெட்டினார்கள். பிறகு குடிநீர் இயந்திரத் திறப்பு. பிறகு சுதந்திர தினம், அறிவியல் கண்காட்சி, ஆசிரியர் தினம், கலைத் திருவிழா, மரம் நடு விழா, போன வருடம் நட்ட மரங்கள் செத்ததால் மீண்டும் மரம் நடு விழா, எல்லாவற்றுக்கும் மகுடமாக அக்டோபரில் பொன்விழா. பந்தல்காரர் தம் கம்பங்களைப் பிடுங்கிக்கொண்டு போவதையே நிறுத்திவிட்டார். அவற்றில் பிள்ளைகள் துண்டு காயப்போட்டார்கள்.

இத்தனைக்கும் நடுவில் கோதண்டராமன் அசையவில்லை. விழா ஒத்திகைக்காகப் பறிபோன ஒவ்வொரு கணக்குப் பீரியடுக்கும் ஈடாக ஒரு பி.டி. பீரியடை எடுத்துக்கொண்டார். செப்டம்பர் கடைசியில் குறுவட்டப் போட்டி. காவேரி ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். அணி இன்னும் ஒரு நாள்கூட மைதானத்தில் இறங்கவில்லை. இந்த முறையும் நாலு நாள்தான் என்றால், தோற்பதற்கு வாலாஜாபாத் வரை போவானேன், இங்கேயே தோற்றுக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் இரண்டாம் வாரம், அறிவியல் கண்காட்சியைத் திறக்கக் கல்வி அலுவலர் புருஷோத்தமன் வருவதாகத் தகவல் வந்தது. வியாழக்கிழமை காலை பத்தரை மணி. புதிதாக மாற்றலாகி வந்த தெற்கத்திக்காரர், பழைய என்.சி.சி. ஆள். பலகை இல்லாத சந்தைக் கண்டுபிடித்து வர முடியாது என்பதால், பிரதான சாலையில் நின்று அவரை அழைத்துவரும் பொறுப்பை, மற்ற எல்லாப் பொறுப்புகளையும் போலவே, யாக்கோபிடம் கொடுத்தார்கள்.

யாக்கோபு கால அட்டவணையைப் பார்த்தார். வியாழக்கிழமை மூன்றாம் பீரியட், பத்து இருபதிலிருந்து பதினொன்று வரை, ஒன்பதாம் வகுப்பு, பி.டி.

அன்று காலை, பதினோரு வருடத்தில் முதல் முறையாக, கோதண்டராமன் கேட்பதற்கு முன்னால் அவரே போய்க் கேட்டார்.

"சார், மூணாவது பீரியட் ஒம்பதாங் க்ளாஸ் எடுத்துக்கிறீங்களா? நான் ரோட்டாண்ட போய் ஆபீசரைக் கூட்டியாரணும்."

"உனுக்கு இப்பத்தான் புத்தி வந்து கீது பி.டி.," என்றார் கோதண்டராமன் மனமாற.

யாக்கோபு பணிவாகத் தலையசைத்தார். தூண்டிலில் மாட்டிய மீன், புழு நன்றாயிருக்கிறது என்று பாராட்டுவது தினம் நடப்பதில்லை.

அலுவலரின் ஜீப் பத்து இருபத்தைந்துக்கே வந்துவிட்டது. யாக்கோபு தம் பைக்கில் முன்னால் போய், முன்வாசலில் மாலையோடு காத்திருந்த தலைமை ஆசிரியையை அப்படியே காத்திருக்கவிட்டு, "அந்தப் பக்கம் பெஞ்சு எறக்கறாங்க சார்" என்று பின்வாசல் வழியாக அழைத்து வந்தார். பின்வாசலில் நுழைந்தால் முதலில் வருவது ஒன்பதாம் வகுப்பு. மணி பத்து முப்பத்தொன்று.

கரும்பலகை நிறைய இருபடிச் சமன்பாடு. அலுவலர் வாசலில் நின்றார். பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள்.

"உக்காருங்க. என்ன பீரியடு இது?" என்று அலுவலர் சிரித்த முகமாகக் கேட்டார்.

நாற்பத்திரண்டு தொண்டைகள் உண்மையைச் சொல்லின. "பி.டி. சார்!"

சிரித்த முகம் சிரிப்பதை நிறுத்தியது. உடற்கல்விப் பாடவேளையில் வேறு பாடம் நடத்தக் கூடாது என்று அவர் பதவியேற்ற வாரத்தில்தான் சுற்றறிக்கை அனுப்பியிருந்தார். எல்லாத் தலைமை ஆசிரியர்களும் அதைப் படித்ததாகக் கையெழுத்திட்டு, அதன்மேல் டீ கிளாஸ் வைத்திருந்தார்கள்.

"பி.டி. பீரியடுல பலகையில என்ன நடக்கு?"

இங்கேதான் கோதண்டராமன் தம் வாழ்நாளில் முதல் தப்புக் கணக்கைப் போட்டார். "மன்னிக்கணும் சார், பாடம் முடியலை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும். ஆனால் இருபத்திரண்டு வருடமாகப் பலகை முன்னால் நின்று எந்தக் கேள்விக்கும் 'தெரியாது' என்று சொல்லாதவர் அவர். பதில் தானாக வந்தது.

"ட்ரில்லுதான் சார். மொதல்ல போர்டுல வெளக்கிட்டு, அப்புறம் கிரவுண்டுக்குக் கூட்டினு போறது. கணித வழி உடற்பயிற்சின்னு… நம்மளா ஒரு மொறை வெச்சினு இருக்கோம்."

யாக்கோபு, தாம் இதுவரை கேட்ட பிரசங்கங்களிலேயே இதுதான் சிறந்தது என்ற பாவனையில் கைகட்டி நின்றார்.

அலுவலரின் முகம் மலர்ந்தது. "அப்படியா சங்கதி! கணக்கையும் ட்ரில்லையும் சேத்துட்டீங்களா? முப்பது வருசமா இதத்தான் நான் சொல்லிக்கிட்டு இருக்கேன், ஒருத்தனும் கேக்க மாட்டேங்கான். பொன்விழா எப்ப வருது?"

"அக்டோபர் பத்து சார்," என்றார் யாக்கோபு. யாரும் அவரைக் கேட்கவில்லை.

"அன்னைக்கு நூறு பிள்ளைகளை வச்சு இத நீங்களே செஞ்சு காட்டணும். நான் வாரேன். மத்த பள்ளிக்கூடத்து ஆளுகளையும் வரச் சொல்லுதேன்."

மாலை வாடுவதற்குள் செய்தி தலைமை ஆசிரியையை எட்டியது. சரோஜா மகிழ்ச்சியில் அன்றே அழைப்பிதழை அச்சுக்கு அனுப்பிவிட்டார். 'கணித வழி உடற்பயிற்சி: வடிவமைத்து வழங்குபவர் கோதண்டராமன்.' இந்தப் பக்கத்தில் ஒரு மனிதர் வாய்தவறிச் சொன்னதைத் திரும்பப் பெறலாம், நிலத்தைக்கூடச் சில சமயம் திரும்பப் பெறலாம். ஆனால் அழைப்பிதழில் ஏறிய பெயரை எடுக்க முடியாது. எடுத்தால் செத்துப்போனார் என்று நினைப்பார்கள்.

மறுநாள் கோதண்டராமன் விளையாட்டுச் சாமான் அறை வாசலில் வந்து நின்றார். கையில் சாக்பீஸ் இல்லை.

"யாக்கோபு சார்…"

யாக்கோபு, பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து பார்த்தார். தமக்குப் பெயர் வைத்து நாற்பத்தெட்டு வருடம் ஆகிறது என்பது அவருக்கே அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"சொல்லுங்க சார்."

"இந்த ட்ரில்லு மேட்டரு… கொஞ்சம் பாத்துக் குடேன். உன் பீரியட்ல பசங்களை எறக்கினா, அஞ்சு வாரத்துல முடிச்சிரலாம்."

"என் பீரியடா? அது எங்க கீது சார்? எல்லாத்தையும் நீங்கதான வெச்சினு இருக்கீங்க. பத்திரமா ஒரு எடத்துல வெச்சிருப்பீங்க, தேடிப் பாருங்க."

"வெளயாடாத யாக்கோபு."

"அதுக்குத்தான் சார் எனக்குச் சம்பளமே."

கோதண்டராமன் பந்தைப் பார்த்தார். பந்தும் உதவ முன்வரவில்லை.

"அப்போ இன்னாதான் பண்ணச் சொல்ற?"

"கணக்குப் பீரியட்ல எறக்குங்க. கணித வழிதான? பேரு பொருத்தமா இருக்கும். நான் கூட நிக்கிறேன். பி.டி. பீரியட்லயும் நானே நின்னுக்கறேன். ஆபீசரு திடீர்னு வந்தார்னா உங்களுக்குத்தான பேஜாரு?"

இப்படியாக அந்தப் பள்ளியின் ஐம்பது வருடச் சரித்திரத்தில் முதல் முறையாகக் கணக்குப் பீரியட் பி.டி. பீரியடுக்காகக் களவு போனது. கோதண்டராமன் பெரும்புதூர்க் கடைவீதியில் வெள்ளை கேன்வாஸ் ஷூ வாங்கினார். அதற்குள் கால் போனபோது அவர் முகத்தில் தெரிந்ததை, ஷூ சின்ன அளவு என்று விற்றவர் எடுத்துக்கொண்டார்.

யாக்கோபு பயிற்சியில் குறை வைக்கவில்லை. ட்ரில்லுக்கு நூறு பேரைத் தேர்ந்தெடுத்தார். பன்னிரண்டு பெண்களை "உயரம் வரிசைக்கு ஒத்துவரலை" என்று கழித்து, அவர்களை மைதானத்தின் மறுகோடியில் இருந்த கோ-கோ கம்பங்களுக்கு அனுப்பினார். காவேரியும் ட்ரில் வரிசையில் நின்ற இன்னொருத்தியும் ஒரே உயரம். அதைக் கோதண்டராமன் கவனித்தார், ஆனால் கேட்கவில்லை. கேட்கும் நிலையில் அவர் இல்லை.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் யாக்கோபு சொல்லித் தரவில்லை. பிள்ளைகளைப் பார்த்து நின்று ட்ரில் நடத்துகிறவர், 'இடது கை மேலே' என்று சொல்லும்போது தம் வலது கையைத் தூக்க வேண்டும். அப்போதுதான் எதிரே நிற்கிற பிள்ளைக்குக் கண்ணாடியில் பார்ப்பதுபோல இருக்கும். உடற்கல்விக்காரர்கள் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்வது இது. கோதண்டராமன் இடது என்று சொல்லி இடது கையையே தூக்கினார். காதால் கேட்ட ஐம்பது பேர் இடதும், கண்ணால் பார்த்த ஐம்பது பேர் வலதும் தூக்கினார்கள். ஒருவர் கை மற்றவர் மூக்கில் பட்டது.

"டேய், எடது எது வலது எதுன்னு தெரியாதாடா உங்களுக்கு?" என்று கோதண்டராமன் வெயிலில் கத்தினார்.

"தெரியும் சார். உங்களுக்குத்தான்…" என்று மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல் வந்து, பாதியில் நின்றது.

பன்னிரண்டு நாள் யாக்கோபு நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு வருடத்துக்குப் பன்னிரண்டு நாள். அதிகம் என்று யாரும் சொல்ல முடியாது. பதின்மூன்றாம் நாள்தான், "சார், கையை மாத்தித் தூக்கிப் பாருங்களேன்" என்றார். கோதண்டராமன் திரும்பிப் பார்த்த பார்வையில் கொலை இருந்தது. ஆனால் ஷூ கடித்திருந்ததால் விரைவாக நடந்து வர முடியவில்லை.

செப்டம்பர் கடைசியில் வாலாஜாபாத்தில் காவேரியின் அணி ஜெயித்தது. ஒரு புள்ளியில் அல்ல, ஒரு இன்னிங்ஸ் மிச்சம் வைத்து. எதிரணியின் பயிற்சியாளர் வந்து, "எத்தினி நாள் பிராக்டிஸு?" என்று கேட்டார். "அஞ்சு வாரம். கணக்கு சார் புண்ணியத்துல," என்றாள் காவேரி. நவம்பரில் மாவட்டப் போட்டி.

இதோடு கதையை முடித்திருந்தால் யாக்கோபு சந்தோஷமாகச் செத்திருப்பார். ஆனால் பொன்விழா இருந்தது.

அக்டோபர் பத்தாம் தேதி மழை வரவில்லை. ஷிப்ட் முடிந்து வந்த பெற்றோர் சீருடையோடே நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். பெஞ்சு கொடுத்த கம்பெனி, தண்ணீர் இயந்திரம் கொடுத்த கம்பெனி, இன்னும் எதுவும் கொடுக்காத கம்பெனி எல்லாம் மேடையில் இருந்தன. வழக்கம்போல மைக், பந்தல், கொடி, தண்ணீர், ஒயர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு யாக்கோபு மேடைக்குப் பின்னால் நின்றார். கோதண்டராமன் விசிலோடு மைதானத்தின் நடுவில் வந்து நின்றார், வெயிலில், ஊர் பார்க்க. சபதம் அந்த நிமிடம் எழுத்துப் பிசகாமல் நிறைவேறியது. சொதப்பல் ஒன்றுதான் பாக்கி.

அது நடக்கவில்லை. நூறு பிள்ளைகளும் பிசிறில்லாமல் கை தூக்கினார்கள், திரும்பினார்கள், உட்கார்ந்தார்கள், வட்டமும் முக்கோணமும் ஆனார்கள், கடைசியில் 'ஐம்பது' என்ற எண்ணாக நின்றார்கள். கூட்டம் எழுந்து கைதட்டியது. இத்தனை வாரம் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவருக்குத் தம் வேலையில் சொதப்பத் தெரியாது என்பதை, பழிவாங்கும் மும்முரத்தில் யாக்கோபு மறந்துவிட்டிருந்தார்.

அலுவலர் பரவசமாகி மைக்கைப் பிடித்தார். கோதண்டராமனுக்குப் பொன்னாடை போர்த்தினார். போர்த்தியதோடு நிற்கவில்லை.

"இப்படி ஒரு ஆள வச்சுக்கிட்டு பி.டி. பீரியட வேற யாரு எடுக்கணும்? எச்சம்மா, இனிமே பி.டி. முழுக்க இவரு பொறுப்பு. கணித வழியிலயே நடக்கட்டும். யாக்கோபு சார் ஒத்தாசையா இருக்கட்டும்."

கைதட்டல். யாக்கோபு கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்தார். நேற்றுவரை திருட்டுப் பொருளாக இருந்த பீரியட், இப்போது பட்டாவோடு கைமாறிவிட்டது. மேடையில் கோதண்டராமன் பொன்னாடைக்குள்ளிருந்து மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தார். புன்னகைத்தார். சாக்பீஸ் பிடிப்பதுபோல விரலைச் சேர்த்துக் காட்டினார்.

மைதானத்தின் ஓரத்தில் நின்ற காவேரி யாக்கோபிடம் வந்தாள்.

"சார், அப்போ மாவட்டத்துக்கு நம்ம பிராக்டிஸு?"

"போய்ப் பிரியாணிப் பொட்டலம் வாங்கிக்கோ," என்றார் யாக்கோபு.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில், எதிரியை நேசிக்கச் சொல்லிப் பிரசங்கம் நடந்தது. யாக்கோபு முழு மனதோடு கேட்டார். எதிரியை நேசிப்பதென்றால் அவர் கேட்டதைக் கொடுப்பதுதானே? கேட்டதோடு சேர்ந்த எல்லாவற்றையும் கொடுப்பதுதானே? வீட்டுக்கு வந்து, அரசு வழக்கப்படி, பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியல் ஒன்றை மூன்று பக்கத்துக்கு எழுதினார். மெர்சி எட்டிப் பார்த்தார்.

"இவ்ளோ வேலையா செய்றீங்க நீங்க? ஒரு நாளும் சொன்னதே இல்ல."

"ஒரு நாளும் யாரும் கேக்கல."

திங்கட்கிழமை காலை தலைமை ஆசிரியை படிக்காமல் கையெழுத்திட்டார். கோதண்டராமன் 'பி.டி. பொறுப்பு' என்ற தலைப்பை மட்டும் படித்துவிட்டு, சந்தோஷமாகக் கையெழுத்திட்டார். யாக்கோபு விசிலைக் கழற்றி அவர் கையில் கொடுத்து, "வாழ்த்துகள் சார்" என்றார். அதில் ஒரு துளிகூடப் பொய் இல்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்வதுதான் மனிதாபிமானம்.

காலை எட்டே முக்காலுக்கும் மாலை நாலு இருபதுக்கும் பிரதான சாலையில் நின்று, ஷிப்ட் பஸ்களையும் கன்டெய்னர் லாரிகளையும் கைகாட்டி நிறுத்தி, முன்னூறு பிள்ளைகளைக் கடத்திவிட வேண்டும். அது பட்டியலில் முதல் பக்கம். முதல் நாளே ஒரு லாரி டிரைவர் தலையை வெளியே நீட்டி, "இன்னா சார், நேத்து வரைக்கும் வேற ஆளு கீதே, நீ புதுசா? இன்னும் முன்னால வந்து கைய காட்டு, கண்ணாடில தெரியல!" என்று பயிற்சி கொடுத்தார். பள்ளிக்குப் பக்கத்து வீட்டு ரத்தினத்தின் மூன்று எருமைகள் தினமும் பத்து மணிக்கு மைதானத்துக்கு வரும். விரட்டினால், "பதினஞ்சு வருசமா யாக்கோபு சார் பேசித்தான் அனுப்புவாரு, நீ ஏன் அடிக்கிற?" என்று ரத்தினம் சண்டைக்கு வருவார். சத்துணவு வரிசை, தாமதமாக வருபவர்கள், கழிப்பறைக் குழாய், கொடிக் கயிறு. எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று இருந்தது. கோதண்டராமன் பத்தாம் வகுப்பில் சாக்பீஸைத் தூக்கும்போதெல்லாம் வாசலில் ஒரு தலை தெரிந்தது.

"சார், ஏழாங் க்ளாஸ் பையனுக்கு மூக்குல ரத்தம் சார்."

"சார், எட்டாங் க்ளாஸ்ல ரெண்டு பேரு கட்டிப் பொரள்றாங்க சார்."

"சார், எச்சம்மா கூப்புட்றாங்க, மறுபடியும் மரம் நடு விழாவாம். குழி தோண்டணுமாம்."

நாலு நாளில் ஒரே ஒரு தேற்றம்கூட முடியவில்லை. அந்த நாலு நாளும் யாக்கோபு ஆசிரியர் அறையில் காலை நீட்டி உட்கார்ந்து செய்தித்தாள் படித்தார். மாவட்டப் பயிற்சி நின்றிருந்ததால் செய்தி எதுவும் மனதில் ஏறவில்லை. ஆனால் பக்கங்களை மட்டும் சத்தமாகப் புரட்டினார்.

வெள்ளிக்கிழமை மதியம் கோதண்டராமன் வந்து எதிரே உட்கார்ந்தார். முகம் கறுத்திருந்தது. விசிலை மேஜைமேல் வைத்தார்.

"யாக்கோபு, போதும். அரைப்பரீட்சைக்கு இன்னும் ஏழு பாடம் பாக்கி கீது."

"ஒத்தாசையா இருக்கச் சொல்லித்தான சார் உத்தரவு? இன்னா ஒத்தாசை வேணும், சொல்லுங்க."

"உன் பீரியட்ட நீயே வெச்சிக்கோ. எல்லாத்தையும் வெச்சிக்கோ. என்னிய வுட்டுரு."

"வாயால சொன்னா எப்டி சார்? கணக்கு வாத்தியாரு நீங்க, ஸ்டெப்பு ஸ்டெப்பா எழுதணும்ல?"

எழுதினார். வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியட், எல்லா வகுப்புக்கும், எந்தத் தேற்றத்துக்காகவும் எடுக்கப்படமாட்டாது என்று. தலைமை ஆசிரியை முத்திரை வைத்தார். கல்வி அலுவலரிடம், கணித வழி உடற்பயிற்சிக்கு மேற்கொண்டு ஆராய்ச்சி தேவைப்படுவதாகத் தெரிவிக்கப்பட்டது. ஆராய்ச்சி என்றால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை.

திங்கட்கிழமை வகுப்பிலிருந்து இறங்கிய கோதண்டராமன், மைதானத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்த பெண்களிடம் தயங்கி நின்றார்.

"காவேரி, போன வருசம் பஸ் ஸ்டாப்ல… நான் ஏதோ ஒண்ணு சொல்லிட்டேன்."

காவேரி நிமிரவில்லை. "எது சார்? நெறைய சொல்லிக்கீங்களே."

"அந்த கம்பெனி பஸ்ஸு…"

"ஓ, அதுவா? ஞாபகம் கீது சார்," என்றாள் அவள், கோட்டை நேராக இழுத்தபடி. "கொஞ்சம் தள்ளிக்கோங்க. சுண்ணாம்பு மேல படும்."

கோதண்டராமன் தள்ளிக்கொண்டார். பிறகுதான் கோடு எங்கே போகிறது என்று பார்த்தார். பழைய கோ-கோ கம்பங்கள் இருந்த மூலையில் மழைத்தண்ணீர் தேங்குகிறது என்று சொல்லி, யாக்கோபு அவற்றைப் பிடுங்கி வேறு இடத்தில் நட்டிருந்தார். புதுக் கோடு பத்தாம் வகுப்பு ஜன்னலிலிருந்து சரியாக ஆறடியில் ஓடியது.

அடுத்த வியாழக்கிழமை மூன்றாம் பீரியட். உள்ளே பத்தாம் வகுப்பு, கோதண்டராமன் பலகையில் ஒரு தேற்றத்தைத் தொடங்கியிருந்தார். வெளியே ஒன்பதாம் வகுப்பு, காவேரி உட்கார்ந்திருந்தவளின் முதுகில் தட்டி "கோ" என்றாள்.

யாக்கோபு விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார்.

"இன்னாடி இது, காதுல ரகசியம் சொல்றியா? கோ சத்தமா, தெளிவா, எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லணும். ரூல் புக்குல கீது. இல்லன்னா ஃபவுலு."

"எந்தளவுக்குச் சத்தமா சார்?" என்றாள் காவேரி.

யாக்கோபு ஜன்னலைப் பார்த்தார். உள்ளே கோதண்டராமன் சாக்பீஸோடு நின்றுகொண்டிருந்தார்.

"கணக்கு சாருக்குக் கேட்டா போதும்."

"கோ!"

ஜன்னல் மூடியது.

"இன்னும் சத்தமா," என்றார் யாக்கோபு.